மாமியாரின் வலது கால்

வாரக் கணக்காக அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை. பேச்சுதான் நின்றிருந்ததே தவிர, பேச வேண்டிய விஷயம் எதுவும் நிற்கவில்லை. ஆகவே எல்லாம் மாமியார் வழியாகப் போய், மாமியார் வழியாகவே திரும்பி வந்தது.

“அத்தை, கம்ப்ரஷரை ஆஃப் பண்ணச் சொல்லுங்க. எனக்கு இன்ஜின் சத்தம் கேக்கணும்.”

“அது ஆஃப் ஆகி ரொம்ப நேரமாச்சுன்னு சொல்லும்மா. ஓடறது சுவர் ஃபேன்.”

“ரெண்டு பேரும் கை நீட்டினா எட்டற தூரத்துல நிக்கிறீங்க. நடுவுல நான் என்ன மைக் செட்டா?” என்றார் மாமியார். கேட்டாரே ஒழிய, போய் ஃபேனை நிறுத்தியதும் அவர்தான்.

இந்த ஊமைச் சண்டை எதனால் என்று தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். வீட்டை ஒட்டியே அவர்களுடைய ஒர்க்‌ஷாப். அடுப்படி ஜன்னலைத் திறந்தால் ஷெட். இன்ஜினைப் பிரிப்பது, பூட்டுவது, டர்போ மாட்டுவது எல்லாம் கணவன் பொறுப்பு. மாட்டிய பிறகு அந்த இன்ஜின் எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் குடிக்கலாம் என்று லேப்டாப்பில் கணக்குப் போட்டுக் கொடுப்பது மருமகள் பொறுப்பு. அந்தக் கணக்குக்கு ‘மேப்’ என்றும், அதைப் போடும் வேலைக்கு ‘டியூனிங்’ என்றும் பெயர். டர்போ காற்றை அமுக்கி அமுக்கி உள்ளே தள்ளும். அதற்கு ஈடாகப் பெட்ரோல் போய்ச் சேரவில்லை என்றால் உள்ளே சூடு தலைக்கேறி பிஸ்டன் மெழுகாக உருகிவிடும்.

பல் டாக்டரின் வெள்ளைக் காரில் அதுதான் நடந்தது. டர்போ மாட்டிய சந்தோஷத்தில் மேட்டுச் சாலையில் ஏறியவர், இன்ஜின் போய் கயிறு கட்டித் திரும்பி வந்தார். உன் மேப்பில் பெட்ரோல் குறைச்சல் என்றான் கணவன். நீங்கள் போட்ட பெட்ரோல் லைனில்தான் கோளாறு என்றாள் மருமகள். இருவரும் தத்தம் வேலையை மூன்று முறை சரிபார்த்தார்கள். இரண்டிலும் குற்றமில்லை. குற்றமில்லாத இரண்டு பேருக்கு நடுவே ஒரு உருகிய பிஸ்டன் இருந்தால் சண்டை எங்கே தீரும்?

போன வாரம் புது பிஸ்டன் போட்ட இன்ஜின் முதல் சாவியிலேயே உயிர் பெற்றது. எல்லோரும் காபி குடித்தார்கள். அந்தக் காபி ஆறுவதற்குள் கணவன் அம்மாவைப் பார்த்துச் சொன்னான்:

“டாக்டர் வந்து எடுக்கற அன்னிக்கு வண்டி சரியா இல்லன்னா, இனிமே டியூனிங்குக்கு வெளி ஆள்தான். சொல்லிடும்மா.”

மாமியார் அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே மருமகளுக்குக் கேட்டுவிட்டது. இந்த வீட்டில் அடுப்படி மாமியாருடையது, ஷெட் கணவனுடையது. டெஸ்ட் போகும் காரில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டு ஒன்றுதான் மருமகள் தானாகச் சம்பாதித்தது. மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தால்தான் தான் யார் என்று அவளுக்கே தெரியும். அதுவும் போய்விடும் போலிருந்தது.

டாக்டர் வருகிற நாள் இன்றுதான். மாலையில் வருகிறார்.

டெஸ்டுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஓட்ட வேண்டும், ஒருவர் லேப்டாப்பைப் பார்க்க வேண்டும். அழுத்து, பிடி, விடு என்று மூன்றே சொற்கள்தான் தேவை. ஆனால் அதைக்கூடப் புருஷனிடம் நேராகச் சொல்ல முடியாத நிலை. பின் சீட்டில் மாமியாரை உட்காரவைத்து, “விடச் சொல்லுங்க அத்தை” என்று சொல்லி, அவர் மகனிடம் சொல்லி, அவன் காலை எடுப்பதற்குள் இன்னொரு பிஸ்டன் போய்விடும்.

“நான் ஓட்டறேன்,” என்றார் மாமியார்.

கணவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். “அம்மா, இது டர்போ வண்டி.”

“நான் பேக்கரி வேன் ஓட்டினவ. பின்னாடி மூணு அடுக்கு கேக்கை வச்சுக்கிட்டு இந்த ஊர்ல எத்தனை மேடு பள்ளம் ஏறி இறங்கியிருக்கேன். ஒரு தடவையாவது மேல இருக்கற பொம்மை சாஞ்சிருக்கா?”

சாய்ந்ததில்லை. அதை அந்தத் தெருவே சொல்லும். கணவன் சாவியைக் கொடுத்தான்.

மாமியார் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். கண்ணாடிகளைத் திருப்பிக்கொண்டார். முந்தின ஆள் விட்டுப்போன கை அழுக்கு ஸ்டியரிங்கில் இருப்பதாக நினைத்து அதை ஒரு துடை துடைத்தார். பிறகு தன் மூக்குக்கண்ணாடியையும் துடைத்துக்கொண்டு, “ம், சொல்லு,” என்றார்.

ஷெட்டை விட்டுக் கார் வெளியே வந்தது. கணவன் வாசல் வரை வந்து நின்றான். மருமகள் திரும்பிப் பார்க்கவில்லை. ஓரக்கண்ணால் மட்டும் பார்த்தாள்.

“இந்த வட்ட மீட்டர் என்னத்தைக் காட்டுது?” என்று கேட்டார் மாமியார், தெருமுனை திரும்பியதும்.

“இன்ஜின்லேர்ந்து வர்ற புகையை மோப்பம் பிடிக்கும் அத்தை. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காத்துன்னு சொல்லும். சும்மா போகும்போது பதினாலு, பதினஞ்சுல நிக்கும். டர்போ முழுசாத் தள்ளும்போது பதினொன்னரையில நிக்கணும்.”

“ஏறினா?”

“பெட்ரோல் பத்தலன்னு அர்த்தம். பன்னெண்டைத் தாண்டினாலே எனக்குப் பயம். பதிமூணுன்னா உடனே காலை எடுத்துடணும்.”

“பத்தலன்னா நம்பர் குறையணும். இது ஏறுமாக்கும். எல்லாத்தையும் தலைகீழா வச்சாத்தான் படிச்சவங்களுக்குத் திருப்தி.”

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எத்தனை நாளாயிற்று என்றும் தோன்றியது.

ஊரைத் தாண்டிய பெரிய சாலையில் முதல் வேலை ஆரம்பமானது. லேப்டாப் திரையில் கட்டம் கட்டமாக ஒரு பெரிய சதுரம். இன்ஜின் வேகம் ஒரு பக்கம், காற்றின் அழுத்தம் ஒரு பக்கம். ஒவ்வொரு கட்டத்திலும் காரைக் கொண்டுபோய் நிறுத்தி, மீட்டர் என்ன சொல்கிறது என்று பார்த்து, பெட்ரோலைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். கட்டத்தில் நிறுத்துவது என்றால் டிரைவரின் கால் ஆடாமல் நிற்பது.

“ரெண்டாயிரத்துல பிடிங்க அத்தை.”

மாமியார் பிடித்தார். இன்ஜின் வேக முள் ஆணியடித்த மாதிரி நின்றது.

“ரெண்டாயிரத்து ஐநூறு.”

நின்றது.

“மூணாயிரம்.”

அதிலும் நின்றது. லாரி ஒன்று குறுக்கே வந்தபோதுகூட மாமியார் அதை வாயால் ஒரு வார்த்தை திட்டினாரே ஒழிய கால் அசையவில்லை. மருமகள் அசந்துபோனாள். கணவனுடைய கால் துறுதுறு கால். பிடி என்றால் பிடிப்பான், பிடித்த இடத்திலேயே தாளம் போடுவான். ஒரு கட்டத்தைச் சரிசெய்ய அவனோடு அரை மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டும். இங்கே கட்டங்கள் வரிசையாகத் தாமாகவே பச்சையாகிக்கொண்டிருந்தன.

“அத்தை, உங்க கால் தங்கம்.”

“கால்ல மூட்டு வலி. அதான் ஆட்ட முடியல,” என்றார் மாமியார். ஆனால் உச்சி குளிர்ந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

நடுவே ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். மாமியார் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். “அவன்கிட்ட நீயே பேசினா என்ன?”

“அவர்தானே வெளி ஆளை வைக்கிறேன்னாரு.”

“கோவத்துல சொன்னான்.”

“கோவத்துல வர்றதுதான் அத்தை உள்ள இருக்கறது.”

மாமியார் பாதி டீயோடு டம்ளரைக் கீழே வைத்தார். மருமகளுக்கும் டீ கசந்தது. கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவனில்லாமல் டெஸ்ட் போவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. அவள் ‘விடு’ என்றதும் காலை எடுத்துவிட்டு, “எப்படி?” என்று கேட்பானே, அந்த ஒரு கேள்விக்காக மனசு அடித்துக்கொண்டது.

டீக்கடையிலிருந்து நேரே மேட்டுச் சாலைக்குப் போனார்கள். டாக்டரின் பிஸ்டன் போன அதே சாலை. நீளமாக, ஆளரவமில்லாமல், ஒரே சீராக ஏறிக்கொண்டே போகும். டர்போவை முழுசாக வேலை வாங்க அதைவிட்டால் வேறு இடமில்லை.

“மூணாவது கியர். நான் சொன்னதும் முழுசா அழுத்துங்க. விடுங்கன்னா அந்த நிமிஷமே எடுத்துடணும்.”

“எடுத்துடறேன்.”

“அழுத்துங்க.”

பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்டதுபோல் கார் பாய்ந்தது. டர்போ விசிலடித்தது. மருமகள் மீட்டரைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். பதினொன்றரை. பதினொன்றரை. பதினொன்றரை.

“விடுங்க.”

கால் எடுபட்டது. கார் மூச்சு விட்டது.

“இப்படி ஓடற வண்டியில கேக் ஏத்தினா நேரா கஸ்டமர் முகத்துக்கே போயிடும்,” என்றார் மாமியார். கண்கள் பளபளத்தன. “இன்னொரு தடவை போலாமா?”

போனார்கள். பதினொன்றரையில் ஆரம்பித்து மேலே போகப் போகப் பன்னிரண்டு ஆனது. மருமகள் புருவத்தைச் சுருக்கினாள். அந்தக் கட்டங்களில் கொஞ்சம் பெட்ரோலைக் கூட்டினாள். மூன்றாம் முறை பன்னிரண்டரை. இன்னும் கூட்டினாள். கூட்டினால் நம்பர் இறங்க வேண்டும். நான்காம் முறை அது பாதி மேட்டிலேயே பதிமூன்றைத் தொட்டது.

“விடுங்க, விடுங்க!”

மாமியாரின் கால் அவள் வாய் மூடுவதற்குள் மேலே வந்துவிட்டது. காரை ஓரங்கட்டி ஒரு மரத்தடியில் நிறுத்தினார்.

மருமகள் திரையை மறுபடி ஒரு முறை பார்த்தாள். பெட்ரோலைக் கொட்டச் சொல்லிக் கணக்குப் போட்டாயிற்று. இன்ஜின் இன்னும் பட்டினி என்கிறது. அன்றைக்கும் இதேதான் நடந்திருக்கும். அன்று மீட்டரைப் பார்க்கக் காரில் ஆளில்லை, இன்று இருக்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். அவள் லேப்டாப்பை மூடினாள்.

“உங்க பையன் சொன்னது சரிதான் போல அத்தை. எனக்கு இது தெரியல.”

“இவ்வளவு நேரம் தெரிஞ்சது, இப்ப எப்படித் தெரியாமப் போச்சு?”

“இப்பதான் தப்பாக் காட்டுதே.”

“எனக்கு அந்த மீட்டரும் தெரியாது, மண்ணும் தெரியாது. ஆனா மூணாவது தடவை ஏறும்போதே பின்னாடி டப்புனு ஒரு சத்தம் வந்துச்சு. தகர டின் நெளியற மாதிரி. சொன்னேன். நீ காதுலயே வாங்கல.”

சொல்லியிருந்தார்தான். மீட்டர் மேல் வைத்த கண்ணோடு காதையும் அங்கேயே வைத்துவிட்டாள் மருமகள்.

“பின்னாடின்னா எங்க?”

“பின் சீட்டுக்கு அடியில.”

பின் சீட்டுக்கு அடியில் இருப்பது பெட்ரோல் டேங்க். மருமகள் மடியிலிருந்த லேப்டாப்பை நகர்த்தி வைத்தாள். பிறகு கதவைத் திறந்து இறங்கி, காரின் பக்கவாட்டுக்குப் போய், பெட்ரோல் மூடியைத் திருகினாள்.

உஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம். டேங்க் வெளிக் காற்றை ஆவலாக உறிஞ்சியது. உறிஞ்சி முடித்ததும் அடியில் மறுபடி ஒரு ‘டப்’.

“இதே சத்தம்தான்,” என்றார் மாமியார், ஜன்னல் வழியாக.

மருமகளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெட்ரோல் செலவாகச் செலவாக அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். அதற்கென்று டேங்கிலிருந்து ஒரு மூச்சுக் குழாய் உண்டு. அது அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகும். பம்ப் இழுத்தாலும் பெட்ரோல் வராது. ஊருக்குள் சின்னச் சின்னதாக ஓட்டிப் பார்த்தால் தெரியாது. பெட்ரோல் போட மூடியைத் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும். நீளமாக ஓட்டிவிட்டு மேட்டில் ஏறினால்தான் குட்டு உடையும்.

மேப்பும் தப்பில்லை. பெட்ரோல் லைனும் தப்பில்லை.

அவளுக்குக் கூத்தாடலாம் போலிருந்தது. டிக்கியிலிருந்து பழைய சாக்கை எடுத்துப் போட்டு, மல்லாக்கப் படுத்துக் காருக்கு அடியில் நுழைந்தாள். மூச்சுக் குழாய் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. அதன் வாயில் ஏதோ அடைத்திருந்தது. விரலை விட்டு இழுத்தாள். துணி. நன்றாகச் சுருட்டி, இறுக்கித் திணித்து, மேலே நூல் போட்டு அழகாகக் கட்டிய துணி.

வெளியே வந்து, நூல் கட்டைப் பிரிக்காமல் ஒரு முனையை மட்டும் விரித்துப் பார்த்தாள். வெளிர் நீலத்தில் சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள்.

அந்தப் பூக்களை அவளுக்குத் தெரியும். மாமியாருக்கும் தெரியும். காரை விட்டு இறங்கி வந்த மாமியார் அதைப் பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

“அது என்னோட தலகாணி உறை,” என்றார் மெல்ல.

“ஆமா அத்தை.”

“பழசு. கிழிஞ்சது.”

“ஆமா.”

மாமியார் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு ஒரேயடியாகக் கொட்டினார்.

“அந்த வண்டியை அடுப்படி ஜன்னலுக்கு நேரா நிறுத்திட்டான். ஏதோ ஒரு டப்பாவைக் கழட்டிப் போட்டானே, அன்னிலேர்ந்து பெட்ரோல் வாசம். குடிக்கற தண்ணியில வாசம், சாப்பாட்டுல வாசம். ஒரு வாரம் சொன்னேன். ரெண்டு பேர்ல ஒருத்தர் காது குடுத்தீங்களா? அப்பறம்தான் நானே குனிஞ்சு பாத்து, வாசம் வர்ற வாயை அடைச்சேன். வாசம் நின்னுச்சு. நல்ல வேலை பண்ணிட்டோம்னு நெனச்சேன்.”

“அந்த டப்பா பெட்ரோல் வாசத்தைப் பிடிச்சு வைக்கிறது அத்தை. டர்போவுக்கு இடம் பத்தலன்னு கழட்டினாரு.”

“அப்ப… அந்த பிஸ்டன் உருகினது?”

மருமகள் தலையை ஆட்டினாள்.

“நீங்க ரெண்டு பேரும் பேசிக்காம இருக்கறது?”

அதற்கும் மருமகள் தலையைத்தான் ஆட்டினாள். உள்ளுக்குள் ஒரு கோபம் குபுக்கென்று எழுந்தது உண்மைதான். எத்தனை ராத்திரி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். ஆனால் கல்லில் உட்கார்ந்திருந்த அந்த உருவத்தைப் பார்த்தபோது கோபம் எழுந்த வேகத்திலேயே படுத்துவிட்டது. அந்த முகத்தில் அவள் அதுவரை பயத்தைப் பார்த்ததில்லை.

“அவன்கிட்ட சொல்லாதம்மா. அவனைப் பெத்து வளத்தவ நான். அவன் வேலையில நானே மண்ணை அள்ளிப் போட்டேன்னு தெரிஞ்சா அவன் முகத்துல எப்படி முழிப்பேன். இப்பதான் பொண்ணும் மாப்பிள்ளையும் வேற வந்துட்டுப் போயிருக்காங்க. மாப்பிள்ளை காதுக்குப் போனா சொல்லிச் சொல்லியே சிரிப்பாரு.”

மருமகள் துணியைப் பார்த்தாள். இதை எடுத்துப்போய்க் கணவன் கையில் வைத்தால் போதும். ஒரு வார்த்தை பேச வேண்டாம். பக்கத்து சீட்டு என்றைக்கும் அவளுடையது.

அவள் அதை மடித்துப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டாள்.

“காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிடலாம் அத்தை. எந்திரிங்க. நமக்கு இன்னும் வேலை இருக்கு.”

கூட்டிய பெட்ரோலையெல்லாம் பழையபடி குறைத்தாள். மறுபடி மேட்டில் ஏறினார்கள். பதினொன்றரையில் ஆரம்பித்த நம்பர் பதினொன்றரையிலேயே ஏறி முடித்தது. இன்னொரு தடவை ஏறினார்கள், அப்போதும் அதே. சந்தேகத்துக்கு ஒரு தடவை, சந்தோஷத்துக்கு ஒரு தடவை என்று மேலும் ஏறினார்கள். சாலையின் உச்சியில் காரை நிறுத்தியபோது மருமகளுக்குக் கண் கலங்கியது. இது அவள் போட்ட கணக்கு. முதல் நாளிலிருந்தே சரியாக இருந்த கணக்கு.

“எப்படி?” என்று கேட்டார் மாமியார்.

மருமகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அருமை அத்தை,” என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பல் டாக்டர் வந்துவிட்டிருந்தார். ஷெட் வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து பிஸ்கட்டை ஓரம் ஓரமாகக் கடித்துக்கொண்டிருந்தார். கணவன் துடைத்த ஸ்பேனரையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கார் நின்றதும் கணவன் அம்மாவைப் பார்த்தான். “என்னவாம்மா?”

மாமியார் மருமகளைப் பார்த்தார்.

“வண்டி சரியாயிடுச்சுன்னு சொல்லுங்க அத்தை. டேங்குக்குக் காத்து போற குழாய் அடைச்சிருந்தது. மேட்டுல பெட்ரோல் வராததுக்கு அதுதான் காரணம்.”

மாமியார் வழக்கம்போல் திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் கணவனுக்கு நேராகவே கேட்டிருந்தது. அவன் முகம் மாறியது.

“எதால அடைச்சிருந்துச்சுன்னு கேளும்மா.”

வாரக் கணக்காகத் தூது போய்வந்தவருக்கு இப்படி ஒரு தூது வாய்த்ததில்லை. மாமியார் மருமகள் பக்கம் திரும்பினார். “எதால… அடைச்சிருந்துச்சுன்னு… கேக்கறான்.”

“தூசி மண்ணுன்னு சொல்லுங்க அத்தை.”

“தூசி மண்ணாம்,” என்றார் மாமியார், தரையைப் பார்த்தபடி.

கணவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். அம்மாவைத் தாண்டி, டாக்டரைத் தாண்டி, நேராக மனைவியின் முன்னால் வந்து நின்றான்.

“குழாயை அங்க தொங்க விட்டது நான். சக்கரத்துப் பக்கம் விட்டா மண் அடிக்கும்னு தெரியாம விட்டுட்டேன். தப்பு என்னோடது. உன் மேப்பைக் குறை சொல்லிட்டேன். வெளி ஆளுன்னு வேற சொன்னேன். மன்னிச்சுக்கோ.”

இத்தனை நாளாக எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாளோ அது வந்துவிட்டது. வந்ததும் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. செய்யாத தப்புக்கு அவன் தலை குனிந்து நிற்கிறான். பேன்ட் பையில் துணி உறுத்தியது. அவள் பையின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள்.

“டேய்,” என்றார் மாமியார்.

எல்லோரும் திரும்பினார்கள்.

“தூசியும் இல்ல, மண்ணும் இல்ல. என் தலகாணி உறை. வாசம் அடிக்குதுன்னு நான்தான் அடைச்சேன். இவ என்னைக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னு பொய் சொல்றா. நீ என்னடான்னா அதுக்கு மன்னிப்புக் கேக்கற. ரெண்டு பேரும் சேந்து என்னை நிம்மதியா ஒரு தப்புப் பண்ண விடமாட்டீங்க.”

கணவன் அம்மாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். மனைவி பையிலிருந்து பூப்போட்ட துணியை எடுத்து நீட்டினாள். அவன் அதை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினான். நூல் கட்டியிருந்த நேர்த்தியைப் பார்த்தான். முதலில் தோள் குலுங்கியது, பிறகுதான் சிரிப்பு வெளியே வந்தது.

“அடைக்கிறது என் தொழில்னு நெனச்சுட்டு இருந்தேன்,” என்றார் பல் டாக்டர் பிஸ்கட்டை விழுங்கிவிட்டு. அவரும் சிரித்தார். மருமகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“என்கிட்ட நேராவே சொல்லலாம்ல,” என்றான் கணவன் அவளிடம்.

“நீங்கதான் பேசலியே.”

“நீயும்தான் பேசல.”

“சரி, இப்பப் பேசறோம்ல.”

மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு ஸ்டூலைத் தேடி உட்கார்ந்து, முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“விடும்மா. நீ வேணும்னா பண்ணின? வாசம்னு நீ சொன்னப்ப நான் கேட்டிருக்கணும்.”

“அது இல்லடா.”

“பின்ன?”

“அந்த உறையை நான் ரெண்டாக் கிழிச்சேன். இது ஒரு பாதி.”

ஷெட்டில் சிரிப்பு நின்றது.

“நேத்து மாப்பிள்ளை வண்டியையும் அதே ஜன்னல்கிட்டதான் நிறுத்தியிருந்தாரு. பழைய வண்டி. அதுலயும் வாசம். மிச்சப் பாதி சும்மாதானே கிடக்குன்னு…”

கணவன் கண்ணை மூடித் திறந்தான். தங்கையும் மாப்பிள்ளையும் காலையில்தான் ஊருக்குக் கிளம்பியிருந்தார்கள். நீண்ட பயணம். வழியில் மேடு உண்டு. மாப்பிள்ளை வண்டியில் டர்போ இல்லாததால் பிஸ்டன் தப்பும். வண்டி தப்புமா என்பது வேறு கேள்வி. எல்லாவற்றுக்கும் மேலாக, மாப்பிள்ளைக்கு மூக்கு நுனியில் கோபம். போன முறை இங்கே அவர் கார் டயருக்குக் காற்று அடிக்கும்போது சக்கர மூடி ஒன்று தொலைந்ததையே இன்னும் சொல்லிக்காட்டுகிறவர்.

அவன் போனை எடுத்து நம்பரைத் தட்டினான். மணி போயிற்று. மறுமுனையில் எடுக்கும் சத்தம் கேட்டதும் போனை மனைவியிடம் நீட்டினான்.

“நீ பேசு. டியூனிங் விஷயம் எதுவா இருந்தாலும் இந்த ஒர்க்‌ஷாப்ல இனிமே உன் வார்த்தைதான்.”

மருமகள் அவனை ஒரு முறை பார்த்தாள். போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

“அண்ணி,” என்றது நாத்தனாரின் குரல். “நல்ல நேரத்துல பண்ணீங்க. வண்டி நடு மேட்டுல நின்னு போச்சு. பங்க்ல தண்ணி கலந்த பெட்ரோல் போட்டுட்டான்னு இவரு திரும்பி நடந்து போய் அங்க சண்டை போட்டுட்டு இருக்காரு. கூட்டம் கூடிடுச்சு. உங்களுக்கு ஏதாவது புரியுதா?”

மருமகள் பதில் சொல்ல வாயெடுத்தாள். மாமியார் ஸ்டூலோடு கிட்டே நகர்ந்து அவள் கையைப் பிடித்தார்.

“மாப்பிள்ளைகிட்ட மட்டும் தூசின்னே சொல்லிடும்மா,” என்றார் தாழ்ந்த குரலில்.